வெங்காயப் பட்டறையைக் காண வந்த கப்பல்

முதற்கண், வாசகப் பெருமக்களிடம் மன்னிப்புக் கோருவதே முறை. கதை எழுதும் துணிவு இதற்கு முன் வந்ததில்லை. இப்போதும் முழுமையாக வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இதில் வரும் அலுவலர்கள் அனைவரும் நற்பண்பினர். ஒருவரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, தேநீர் கொடுக்காமல் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அவர்களைப் பற்றிய இடங்களில் எங்கேனும் மரியாதை குறைந்து தோன்றினால், அது பயிற்சியின் குறையே அன்றி எண்ணத்தின் குறை அன்று. வெங்காயம் போன்ற எளிய பொருளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்தமைக்கும் வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, எந்தக் கடற்கரையிலிருந்தும் பேருந்தில் பாதிப் பகல் செல்லும் தொலைவில், சாத்தம்பாறை என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் மாயவன் என்பவர் சின்ன வெங்காயம் பயிரிட்டார். பயிரிட்டார் என்று இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. அவருடைய தகப்பனாரும், அவருக்குத் தகப்பனாரும் பிறர் காட்டில் கூலிக்கு வெங்காயம் நட்டவர்கள். பிறர் காட்டில் கூலிக்குப் பிடுங்கித் தாள் அறுத்தவர்கள். தம் பொறுப்பில் ஒரு காடு என்பது மாயவன் காலத்தில்தான் அந்தக் குடும்பத்துக்கு வாய்த்தது, அதுவும் குத்தகைக்கு. தை மாத விளைச்சலில் பொடிக் காயைச் செட்டிகுளம் சந்தையில் விற்றுக் குத்தகையைக் கட்டிவிட்டு, தேறிய காயை எல்லாம் விதைக்கென்று நிறுத்தி, மாசியில் பட்டறை போட்டார்.

பட்டறையைக் கண்டிராதவர்களுக்காகச் சிறிது விளக்கம். தரையில் கற்களை வரிசையாக இட்டு, அவற்றின்மேல் கழிகளைப் பரப்பி, சுற்றிலும் மிளார் என்னும் மெல்லிய குச்சிகளால் அடைத்து, தலைக்குமேல் கரும்புச் சோகை வேய்ந்த நீண்ட கூடு அது. காற்று அடியிலும் புகும், பக்கத்திலும் புகும். அவ்வப்போது ஒரு பக்கத்தைப் பிரித்து, அழுகியதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, திரும்பக் கட்டிவிட வேண்டும். ஒரு காய் அழுகினால் அக்கம்பக்கத்துக் காய்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும். ஈரம் மட்டும் அறவே ஆகாது. இந்த மரியாதைகளைச் செய்துவந்தால் வைகாசி நடவு வரைக்கும் விதை கெடாமல் இருக்கும்.

வைகாசிக்குள் நட்டாக வேண்டும் என்பது நிலக்காரரோடு பேச்சு.

"ஆனி பொறந்தும் காடு சும்மா கெடந்துச்சின்னா வேற ஆளப் பாத்துக்குவேன் மாயவா. அப்பறம் வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கக் கூடாது" என்று அவர் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆக, பட்டறைக்குள் இருந்தது வெங்காயம் மட்டும் அன்று. அடுத்த ஆண்டும் மாயவன் கூலியாள் ஆகாமல் இருப்பது அதற்குள்தான் இருந்தது.

பட்டறையை ஒட்டி, நிலத்தின் எல்லையில் ஒரு பழைய கல்மண்டபம் நின்றது. நான்கு தூண்கள், பாதிக் கூரை, உள்ளே தலை இல்லாத ஒரு சிலை, தூண்களில் எவரும் படித்திராத எழுத்துகள். மழை வந்தால் ஆடுகள் ஒதுங்கும். இந்த மண்டபத்தை முன்னிட்டுத்தான் சாத்தம்பாறைக்குக் கப்பல் வந்தது.

கிழக்குக் கடற்கரையில் ஒரு துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஒன்று ஒரு பகல் நிற்கும் என்றும், அந்தப் பகலில் பயணிகளுக்குத் தொன்மையும் தெய்வீகமும் பொருந்திய இடம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றும் ஏற்பாடு. அதற்கெனக் கடற்பயணியர் தொன்மைத் தல வரவேற்புக் குழு நிறுவப்பட்டது. கடலுள்ள ஊர்களுக்கு ஏற்கெனவே குழுக்கள் இருந்தமையால், இந்தக் குழு கடல் இல்லாத ஊர்களுக்கு உரியதாயிற்று. அதன் தனி அலுவலராகத் திரு. சிவசுப்பிரமணியன் அவர்கள் அமர்த்தப்பட்டார்கள். சாத்தம்பாறையில் பந்தல் போட்டு நடந்த தொடக்க விழாவில் அவர்கள் ஆற்றிய உரை இன்றும் ஊரில் நினைவுகூரப்படுகிறது.

"கடல் இல்லாத ஊருக்குக் கப்பல் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அன்பர்களே, இந்த மண்ணைத் தோண்டினால் சிப்பி கிடைக்கிறது. முன்னொரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. கடல்தான் நம்மை விட்டுப் போனதே ஒழிய, நாம் கடலை விட்டுப் போகவில்லை. அது புறப்பட்டபோது நம்முடையதைப் போல ஒரு குழு இருந்திருந்தால், உரிய முறையில் பேசி நிறுத்தி வைத்திருக்கலாம்."

கைதட்டல் ஓய்ந்தபின் ஊர் எல்லையில் சிமெண்டால் செய்து நீல வர்ணம் பூசிய நங்கூரம் ஒன்றைத் திறந்துவைத்தார்கள்.

மாயவனின் மனைவி மலர்க்கொடி, பக்கத்தில் நின்ற வீரமணியிடம் விசாரித்தார். வீரமணி அவருக்குத் தம்பி முறை. குழுவில் காவலர் வேலை கிடைத்து, சீருடைக்கு அளவு கொடுத்திருந்தவர்.

"ஏன்டா, கப்பலு எங்கிட்டு வந்து நிக்கும்?"

"கப்பலு கடல்ல நிக்கும்க்கா. ஆளுவதான் பஸ்ல வருவாங்க."

"அப்ப பஸ்ஸு வருதுன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான? இதுக்கு எதுக்கு நங்கூரம், பஸ்ஸு ஓடிப்போயிரும்னா?"

வீரமணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசுக்கா, எனக்கு இன்னும் சட்டையே தைக்கல" என்றார்.

பங்குனி வெயிலில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் இடத்தைப் பார்வையிட வந்தார். மண்டபத்தை நெருங்கினார், ஆட்டு வாடை அடித்தது, திரும்பினார். எங்கும் நிழல் இல்லாததால் பட்டறையின் ஓரமாக ஒதுங்கி, இளநீர் குடித்து, தம்மைத் தாமே ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம், 'படத்தில் காணும் சின்னம் எங்கள் பயணிகளுக்கு மிகவும் உகந்தது' என்று குழுவுக்குச் செய்தி வந்தது. குழு மகிழ்ந்து, உடனே நன்றி தெரிவித்துப் பதில் அனுப்பியது. அதன் பிறகே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது. அதில் இளநீர் இருந்தது, பிரதிநிதி இருந்தார், பின்னால் மாயவனின் வெங்காயப் பட்டறை இருந்தது. மண்டபம் இல்லை.

தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அவர்கள் குழுவின் நடைமுறை அறியாதவர்கள். நன்றி தெரிவித்துப் பதில் போய்விட்ட ஒன்றைத் தவறு என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. எனவே பட்டறை தொன்மைச் சின்னம் ஆயிற்று.

அதன் காலத்தைக் கணிக்கும் பொருட்டு, குழுவின் தொன்மை ஆலோசகர் முனைவர் அறிவரசன் அவர்கள் வந்தார்கள். ஒரு முறை வலம் வந்தார்கள். மிளாரைத் தட்டிப் பார்த்தார்கள். சோகையை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினார்கள்.

"இது போன மாசிலதாங்க போட்டேன்" என்றார் மாயவன்.

ஆலோசகர் கனிவோடு புன்னகைத்தார். "நீங்க சொல்றீங்க. சரி. ஆனா ஆய்வுன்னு ஒண்ணு இருக்கு இல்லையா? கட்டுனவர் சொல்றத மட்டும் வச்சுக் காலத்த முடிவு பண்ண முடியாது. கட்டுனவங்க எப்பவும் ஒரு பக்கமாத்தான் பேசுவாங்க."

"நாந்தாங்க கட்டுனேன். இந்தா, இந்தக் கவுறு எங்க மாட்டுக் கவுறு."

"பாத்தீங்களா, மரபுத் தொடர்ச்சி!" என்று ஆலோசகர் தனி அலுவலரைப் பார்த்து வியந்தார்கள். பட்டறையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டப்பட்டது. 'சோழர் காலத்துக்கு முற்பட்ட தானியக் கருவறை. தொடாதீர்' என்று பலகை நட்டார்கள். அன்று முதல் மாயவன் தம் வெங்காயத்தைக் கயிற்றுக்கு இப்பால் நின்று பார்த்துவந்தார். கயிற்றுக்கு அப்பால் வீரமணி புதுச் சட்டையோடு நின்றார்.

சித்திரையில் மாயவன் பெரம்பலூரில் இருந்த குழு அலுவலகத்துக்குப் போனார். தனி அலுவலர் எழுந்து நின்று வரவேற்றார்கள்.

"வாங்க மாயவன், உக்காருங்க. டீ சொல்லட்டுமா? வெயில்ல வந்திருக்கீங்க."

"டீ வேணாங்க சார். பட்டறைய ஒரு பக்கம் பிரிச்சி அழுவலப் பொறுக்கணுங்க. ஒரு நாளு வுட்டீங்கன்னா போதும். அப்பறம் வைகாசில விதைய எடுத்துக்கிட்டு, வேணும்னா கூட்ட அப்படியே வச்சிக்கிடுங்க."

"உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது. எங்க வீட்டுலயும் வெங்காயம் வாங்குறோம்." தனி அலுவலர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். "உள்ள வெங்காயம் இருக்குறத நாங்க மறுக்கல. ஆனா நீங்க அத வெங்காயமா மட்டும் பாக்குறீங்க. அங்கதான் உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம். இன்னைக்கு நீங்க ஒரு வெங்காயத்த எடுத்தீங்கன்னா, நாளைக்குத் தஞ்சாவூர்ல ஒருத்தன் கோபுரத்துலேர்ந்து ஒரு கல்ல எடுப்பான். அவன்கிட்ட நாம என்ன பதில் சொல்றது?"

தஞ்சாவூரில் கல்லை எடுக்கப்போகும் அந்த மனிதர்மேல் மாயவனுக்குக் கோபமே வந்தது.

"எல்லாம் வைகாசி முதல் வாரம் கப்பல் வர்ற வரைக்கும்தான். வந்துட்டுப் போனதும் நீங்களே நட்டுக்கலாம். உங்களுக்கு என்மேல நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இல்லை என்று ஒருவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? டீயும் வந்துவிட்டது. மாயவன் குடித்துவிட்டு வந்தார்.

"என்னய்யா சொன்னாரு?" என்றார் மலர்க்கொடி.

"நல்ல மனுசன்தான். எந்திரிச்சி நின்னாரு."

"எந்திரிச்சி நின்னா? அத வச்சி நடவு நட முடியுமா? சிறுவாச்சூருல காளியம்மாவே வாரத்துக்கு ரெண்டு நாளு கதவத் தொறந்து மூஞ்சியக் காட்டுறா. இவனுவ ஒரு நாளும் தொறக்க மாட்டேங்குறானுவ. அவள வுடப் பெரிய சாமியா நம்ம வெங்காயம்?"

மலர்க்கொடி இதைக் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் குழு அதே திசையில் ஏற்கெனவே சிந்திக்கத் தொடங்கியிருந்தது. கப்பல் நிறுவனத்தின் விளம்பரத்தில் 'தொன்மையும் தெய்வீகமும்' என்று இருந்தது. தொன்மையை ஆலோசகர் ஏற்படுத்திக் கொடுத்துவிட்டார். தெய்வீகம் எஞ்சி நின்றது. ஆகவே கும்பகோணத்திலிருந்து பித்தளைக் கலசம் ஒன்றைத் தருவித்து, பட்டறையின் உச்சியில் சோகையைக் குடைந்து, நட்டுவைத்தார்கள். வெங்காய வாடை தெய்வீகத்துக்கு இடையூறாக இருந்தமையால், நாள்தோறும் காலையும் மாலையும் பட்டறையின்மீது பன்னீர் தெளிக்குமாறு வீரமணிக்கு உத்தரவாயிற்று. தெளிப்பதற்கு வயலில் மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் வழங்கப்பட்டது.

"டேய் வீரமணி, ஈரம் ஆவாதுடா! நீயும் வெங்காயம் போட்டவன்தான!" என்று மாயவன் கயிற்றுக்கு இப்பாலிருந்து கெஞ்சினார்.

"தெரியும் மாமா. சுத்தி மேலோட்டமாத்தான் அடிக்கிறேன். டப்பா காலியானாத்தான் அடுத்த டப்பா தராங்க, என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று வீரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தார். தம் மாமனின் வெங்காயத்தை நேராகப் பார்த்துக்கொண்டே அடிக்க அவருக்கு மனம் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்வது நியாயம்.

அடுத்து, பயணிகள் நின்று படம் எடுக்க மேடை தேவைப்பட்டது. கல் வாங்க நேரம் இல்லை. பக்கத்திலேயே கல் இருந்தது. மண்டபத்தின் நான்கு தூண்களையும் பொக்லைன் கொண்டு இறக்கி, கிடத்தி, மேடை ஆக்கினார்கள். எழுத்துகள் காலில் இடறுமென்று அந்தப் பக்கத்தைக் கீழாகத் திருப்பிப் போட்டார்கள். தலையில்லாச் சிலையைப் பேருந்து திரும்பும் இடத்தில் சக்கரத்தைத் தடுக்கும் அணைகல்லாக நட்டார்கள். தொன்மைச் சின்னத்தைக் காண வசதி செய்யும்போது இத்தகைய சிறு மாறுதல்கள் தவிர்க்க முடியாதவை என்று முனைவர் அறிவரசன் அவர்கள் விளக்கினார்கள்.

வைகாசி பிறந்தது. கப்பல் வரவில்லை. கடல் கொந்தளிப்பு என்றார்கள். மழை மட்டும் சொன்னபடி வந்தது. சாத்தம்பாறையில் எல்லோரும் நட ஆரம்பித்தார்கள். மாயவனும் உழுது, பாத்தி கட்டி, காட்டைத் தயாராக வைத்துக்கொண்டு, பட்டறையைப் பார்த்தபடி நின்றார். மழைநீர் கலசத்தின் வழியாக இறங்குவது அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது.

இந்த இடைவெளியைக் குழு வீணாக்கவில்லை. ஒத்திகை நடத்தியது. ஊர்மக்களில் ஒரு பாதி பயணிகளாகவும் மறுபாதி ஊர்மக்களாகவும் நடிக்க வேண்டும். பயணிகளுக்குத் தொப்பியும் நாற்காலியும் மோரும் உண்டு. ஊர்மக்கள் வெயிலில் தட்டேந்தி நின்று புன்னகைக்க வேண்டும். மாயவனை முதலில் ஊர்க்காரராக நிறுத்தினார்கள். தனி அலுவலர் உற்றுப் பார்த்துவிட்டு, "இவர் முகத்துல மகிழ்ச்சி போதல. இந்த ஊர்க்காரர் மாதிரியே இல்ல" என்று கூறி, அந்த இடத்துக்கு அரியலூரிலிருந்து நாடகக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். மாயவனுக்குத் தொப்பி அணிவித்துப் பயணிகளோடு சேர்த்துவிட்டார்கள்.

இதனால் எவரும் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. பயணி என்ற முறையில் மாயவன் கயிற்றைக் கடந்து, தூண்களின்மேல் ஏறி, பட்டறையைக் கைக்கெட்டும் தொலைவில் கண்டார். மிளார் இடுக்குகளில் பச்சைப் பச்சையாக முளை நீட்டியிருந்தது. முளைத்த காயைக்கூட அன்றே நட்டால் பிழைக்கும். முளைக்குப் பின்னால் அழுகல் வாடை கிளம்பியிருந்ததும் அவர் மூக்குக்குத் தெரிந்தது.

வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட லாவண்யா, மனப்பாடம் செய்ததை முடித்துவிட்டு, "பயணிகள் யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றாள்.

மாயவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "இத இப்பத் தொறந்து உள்ள உள்ளத எடுத்துக்கலாங்களாம்மா?"

லாவண்யா தடுமாறி, தாளைப் புரட்டி, "மன்னிக்கணும் சார், தொன்மைச் சின்னங்களைத் தொட அனுமதி இல்லை. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று படித்தாள்.

"அருமை!" என்று தனி அலுவலர் எழுந்து கைதட்டினார்கள். "நிஜப் பயணி மாதிரியே கேட்டீங்க மாயவன்! குரல் கூட லேசா நடுங்குச்சு பாருங்க, அது நல்லா இருந்துச்சு. இவருக்கு இன்னொரு மோர் குடுங்கப்பா."

மறுநாள் நண்பகலில் வீரமணி சாப்பிடப் போன நேரம் பார்த்து, மலர்க்கொடி மிளார் இடுக்கில் கையை விட்டு அகப்பட்டதை அள்ளினார். பாதி கூழாக வந்தது. மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்ப் புளிக்குழம்பு வைத்துவிட்டார். குழம்பு கொதிக்கும் முன்பே செய்தி அலுவலகத்தை எட்டியது. தொன்மைப் பொருள் களவு என்று வழக்கெழுத, தனி அலுவலரும் ஆலோசகரும் வீட்டுக்கே வந்தார்கள்.

"எடுத்த தொல்பொருள் எங்கம்மா?" என்றார் தனி அலுவலர்.

"அடுப்புல கொதிக்கிதுங்க."

ஆலோசகர் மூடியைத் திறந்து, கரண்டியால் துழாவி, இரண்டு வெங்காயப் பற்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். சட்டியை அப்படியே துணியால் கட்டி, அரக்கு வைத்து முத்திரையிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

"உப்பு செத்த கம்மிங்க" என்றார் மலர்க்கொடி, அவர்கள் வாசல் தாண்டும்போது. "அதையும் எழுதிக்கிடுங்க. சோழன் நாக்கு செத்தவனாக்கும்னு யாரும் நெனச்சிடக் கூடாது பாருங்க."

அதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். சட்டி, 'பண்டைய உணவு முறை, உப்பற்றது' என்ற சீட்டோடு மேடை அருகே கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டது. குடும்பத்தில் குழம்புச் சட்டி அது ஒன்றுதான்.

அன்று மாலை மாயவன் மனைவியிடம் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "ஏன்டி அவங்கள வம்புக்கு இழுக்குற? கப்பலு வந்துட்டுப் போனா வுட்டுருவாங்கல்ல!"

"போய்யா. நீ நெசமாவே கப்பல்ல வந்தவனாட்டம் பேசுற" என்றார் மலர்க்கொடி. சாதம் மட்டும் போட்டு, உப்பிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

கப்பல் மறுபடியும் தள்ளிப்போயிற்று. இம்முறை கப்பலுக்கு வர்ணம் பூசுகிறார்களாம். ஆனி பிறந்தது. பிறந்த அன்றே நிலக்காரர் வரப்பில் வந்து நின்று, கட்டிய பாத்திகள் காய்ந்து கிடப்பதைப் பார்த்தார். "ஒம் மேல தப்பு இல்லடா மாயவா. ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லி, காட்டை வேறொருவருக்குப் பேசி முடித்தார். பட்டறை நின்ற இடத்தை மட்டும் குழு கேட்டு வாங்கிக்கொண்டது.

ஆனிக் கடைசியில் கப்பல் வந்தேவிட்டது.

நண்பகலுக்குமேல் குளிரூட்டிய பேருந்துகள் நங்கூரத்தைக் கடந்து ஊருக்குள் நுழைந்தன. மாலைக்குள் துறைமுகம் திரும்பியாக வேண்டும் என்பதால் சாத்தம்பாறைக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம். மேளம் முழங்கியது. நாடகக்காரர் ஊர்க்காரராகப் புன்னகைத்தார். ஆங்கிலத்தில் வரவேற்புப் பாடல் பழகியிருந்த பெண்கள் வாயைத் திறந்தபோது, பேருந்திலிருந்து இறங்கியவர்கள் சென்னையில் ஓய்வுபெற்ற நம் ஆட்கள். பிள்ளைகள் சீட்டெடுத்துக் கொடுக்க, கடல் பார்க்கப் புறப்பட்டவர்கள்.

அவர்களுள் ஜெயசுதா என்றொரு பெண்மணி, மகன் வீட்டோடு சென்னையில் இருப்பவர், இறங்கியதும் நாலா பக்கமும் பார்த்தார். "ஏங்க, இது என்ன ஊரு? தூரத்துல தெரியறது செட்டிகுளத்து மலையில்ல?" என்றார் கணவரிடம். பிறகு வழிகாட்டியிடம் திரும்பினார். "ஏம்மா, நான் பொறந்ததே இந்தப் பக்கந்தான். காசக் குடுத்துக் கப்பல்ல ஏறி, வாந்தி எடுத்து, எங்கூருக்கே வந்து எறங்கியிருக்கேனா?"

"மேடம், தயவுசெஞ்சு மேடைமேல நின்னு பாருங்க" என்றாள் லாவண்யா.

ஜெயசுதா மேடைமேல் நின்று பார்த்தார், மூக்கைப் பொத்தினார். "ஐயையோ, இது வெங்காயப் பட்டறையில்ல! யாரு பட்டறைப்பா இது? அழுவி ஒழுவுதே! பிரிக்காம என்னத்தப் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

கயிற்றுக்கு இப்பால் கூட்டத்தோடு நின்ற மாயவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. என்னுதுதாங்க என்று சொன்னால் போதும். அதற்குள் தனி அலுவலர் அவ்விருவருக்கும் நடுவே வந்து கைகூப்பினார்கள்.

"அம்மா நீண்ட கடற்பயணத்துல வந்திருக்கீங்க. களைப்பா இருக்கும். சில பேருக்குப் பழமையப் பாத்ததும் சொந்த வீட்டப் பாத்த மாதிரி இருக்கும். அதுதான் இந்தத் தலத்தோட மகிமை." பின்னர் ஒலிபெருக்கியை வாங்கினார்கள். "பெருமக்களே! நூற்றாண்டுகளாக மூடிக்கிடந்த இக்கருவறை, கடல் கடந்து வந்த உங்களுக்காக இன்று முதன்முறையாகத் திறக்கப்படுகிறது!"

மாதக்கணக்கில் மாயவன் கேட்டது அதுதான்.

தட்டில் கத்தரிக்கோல் வந்தது. தனி அலுவலர் மிளாரைக் கட்டியிருந்த மாயவனின் மாட்டுக் கயிற்றை வெட்டினார்கள். மிளார் தானாகவே சரிந்தது. உள்ளிருந்து கருப்பாக ஒரு கூழ் மெதுவாக வெளிவந்து, தூண்களின்மேல் பரவி, அலுவலரின் காலணிகளை மூடியது. கலசம் ஒருக்களித்து உள்ளே அமிழ்ந்தது. காற்று எழுந்து பயணிகள் பக்கம் திரும்பியது. அழுகிய வெங்காயத்தின் காரம் என்னவென்று அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அத்தனை பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினார்கள். ஒரு பேருந்து அவசரமாகத் திரும்பும்போது அணைகல்லாக நின்ற சிலை உடைந்தது.

'பயணிகள் அனைவரும், அலுவலர்கள் உட்பட, கண்ணீர் மல்க நின்றனர். இத்தகைய உருக்கம் எந்தத் தலத்திலும் பதிவானதில்லை' என்று குழுவின் அறிக்கை கூறுகிறது. இது பொய்யன்று. படங்கள் உள்ளன.

கூட்டம் கலைந்தபின் மாயவன் கூழுக்குள் இறங்கி, கையை முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். உறுதியாக ஏதேனும் ஒன்று கைக்குத் தட்டுப்படாதா என்று பார்த்தார். கலசம் தட்டுப்பட்டது. வீரமணி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் குனிந்தார்.

தனி அலுவலர் காலணிகளைக் கழுவிக்கொண்டு அருகே வந்தார்கள். அவர்கள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நீங்க கொஞ்சம் கவனமாப் பாத்துக்கிட்டிருக்கலாம் மாயவன். உங்க பொருள்தானே? சரி, போனது போகட்டும், நான் மேல எழுதல. அடுத்த வருஷமும் கப்பல் வருது. இதே மாதிரி இன்னொண்ணு கட்டிக் குடுத்துடுங்க." சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்: "ஆனா பழசாக் கட்டணும்."

மாயவன் எழுந்து நின்று, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். எழுந்து நின்று வரவேற்ற மனிதரிடம் வேறு என்ன சொல்வதென்று அப்போதும் அவருக்குத் தெரியவில்லை.

இழந்தவை பின்வருமாறு. பட்டறையில் இருந்த விதை வெங்காயம், முழுவதும். ஒரு வைகாசி மழை. குத்தகைக் காடு. மாட்டுக் கயிறு ஒன்று, இரண்டாக வெட்டப்பட்டது. மண்டபம், தூண்களோடு. தூண்களில் இருந்த எழுத்து, படிக்கப்படாமல். சிலையின் எஞ்சிய பகுதி. குழம்புச் சட்டி ஒன்று, வழக்கு முடியாததால் திரும்பவில்லை. வீரமணியின் வேலை. மாயவன் இப்போது அதே காட்டில், புதிய குத்தகைக்காரரிடம், கூலிக்கு வெங்காயம் நடுகிறார். மலர்க்கொடி அவருக்கு அடுத்த பாத்தியில் நடுகிறார்.

நங்கூரத்துக்குச் சேதம் இல்லை.